அந்தாண்ட, இந்தாண்ட

கம்பெனி கொடுத்தது
ஒரு வரைபடம், கட்டைவிரலால் அமுக்கி எண்ணும் கருவி ஒன்று,
மூன்று இடங்களின் முகவரி.
எட்டாயிரம் சதுர அடியில் ஒரு மளிகைக்கடை.
கொருக்குப்பேட்டையில் எங்கே வைத்தால் ஓடும்?
ஒன்பது நாளில் சொல்லவேண்டும்.

மூன்று புள்ளி, மூன்று வட்டம்.
வட்டத்துக்குள் இருப்பவர்கள் நடந்து வருவார்களாம்.
காம்பஸ் முனை தண்டவாளத்தைத் தாண்டிப் போயிருக்கிறது
மணி அடித்தது காதில் விழாமல்.

நான் நின்றேன்.
முதல்நாள் காலை ஏழு ஐம்பதுக்கு கேட் விழுந்தது.
ஹார்பர் சரக்கு வண்டி. பின்னாலேயே
கும்மிடிப்பூண்டி லோக்கல்.
தூக்கிய கம்பத்தைப் பாதியில் நிறுத்தி மறுபடி இறக்கினார்கள்.
இருபத்தாறு நிமிடம்.
ஒரு கிலோமீட்டரில் எங்கே எழுதுவது இதை?

முதல் இடம், நெடுஞ்சாலை மேல். மெட்ரோ பக்கம்.
நாற்பது கார் நிறுத்தலாம், மேனேஜருக்கு அதுதான் பிடிக்கும்.
ஒன்பது நாளில் பை தூக்கிப் போனவர்கள்
நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு பேர்.
காரில் வந்தவர்கள் முப்பத்தேழு.
அதில் பதினொன்று வழி கேட்க நின்றவை.

இரண்டாவது, மூடிக்கிடக்கும் எண்ணெய் மில்.
சுவரில் இன்னும் பிண்ணாக்கு வாசனை.
வாட்ச்மேன் தன் இடுப்புக்கு மேலே
ஒரு பழுப்புக் கோட்டைக் காட்டினார்:
"டிசம்பர்ல தண்ணி நின்ன அளவு மா.
உப்பு சக்கரையெல்லாம் மேல் தட்டுல அடுக்கச் சொல்லு."

மூன்றாவது, கேட்டுக்கு அந்தாண்ட.
ஹவுசிங்போர்டுக்கு எதிரே பூட்டிய கல்யாண மண்டபம்.
சாமான் லாரி திரும்ப வழியில்லை,
திரும்பினால் குழாயடி போகும்.

சம்பூர்ணம் அந்தாண்டக்காரி.
அஞ்சு கிலோ அரிசி, ரெண்டு பாக்கெட் எண்ணெய், ஒரு புளி உருண்டை.
கேட்டில் பையை இறக்கிவைக்கவில்லை, கீழே சேறு.
"இன்னாமா எண்ணினே கீற?" என்றாள்.
சொன்னேன்.
விரலை விரித்துக் காட்டினாள்,
பைக்காது பதிந்து நாலு சிவப்புப் பள்ளம்.
"இத்த எண்ணு.
பெரிய கடைன்னா வெல ஒட்டி வெச்சிருப்பாங்க இல்ல?
இந்தாண்ட கடைக்காரு மூஞ்சப் பாத்து வெல சொல்றாரு.
வரட்டும். ஆனா அந்தாண்ட வை."

இந்தாண்ட கடைக்காரர், ஞானதிரவியம்,
நாலாம் நாளே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.
டீ வாங்கிக் கொடுத்தார். எந்த இடம் என்று கேட்கவில்லை.
டீ ஆறும்வரை பொட்டலம் கட்டினார்,
பத்து ரூபாய்க்கு மிளகு, இருபது ரூபாய்க்கு எண்ணெய்.
அப்புறம் பேரேட்டைப் பார்த்தபடி சொன்னார்:
"அந்தாண்ட வச்சிருங்கம்மா.
கேட்டத் தாண்டி வாரவுக போயிருவாக. போகட்டும்.
இந்தாண்டக்காரவுகள
கேட்டு புடிச்சு நிறுத்திக்கிடும் எனக்கு."
அவள் கையை அறுக்கும் கம்பம்
அவர் கடைக்குத் தாழ்ப்பாள்.
இரண்டு பேரும் கேட்டது ஒரே இடம்.

எழுதினேன்: மூன்றாவது.
லாரிக்குப் பதில் சின்ன வண்டி, இரவு பத்துக்கு மேல்.
ஆரம் என்ற கட்டத்தை அடித்துவிட்டு
"கேட் நேரம்" என்று போட்டேன்.
மேனேஜர் போனில் இரண்டே கேள்வி கேட்டார்.
கார் எங்கே நிற்கும்?
அந்தாண்ட என்றால் எந்தப் பக்கம்?

கேட்டில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தேன்,
வேலை முடிந்து, சம்பூர்ணத்தின் பக்கத்திலிருந்து
ரயிலேறத் திரும்பும் வழி.
காலையில் இந்தாண்டயாக இருந்தது
எதிரே அந்தாண்டயாக நின்றது.
பதில் சொல்ல வாயெடுத்தபோது சரக்கு வண்டி வந்தது.

கருவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் நாளைக்கு.
கட்டைவிரல் கேட்கவில்லை,
அமுக்கிக்கொண்டே இருந்தது,
முப்பத்தொன்பது, நாற்பது,
நாற்பத்தொன்று,
நிலக்கரித் தூள் பறக்கும் பெட்டிகள்.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே விழுந்த வெளிச்சத்தில்
எதிர்ப்பக்கம் யாரோ
பையைக் கை மாற்றிக்கொண்டார்கள்.